ஆஸ்பத்திரியைக் கண்டால் அடங்கும் நெஞ்சு

மழை விட்ட ஒரு காலையில், அக்கரப்பத்தனை மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஜோசப்பினுக்கு முதன்முதலாக அது வந்தது. நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. சற்று நின்றது. பிறகு விட்டதையெல்லாம் சேர்த்துவைத்து அடித்தது. கக்கத்தில் இடுக்கிய கோழி திமிறுவதுபோல இருந்தது அவளுக்கு. தேயிலைச் செடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் மரியரட்ணம் ஓடிவந்தான். பக்கத்து லயத்து வீட்டில் குடியிருக்கும் ஜெரோஷனின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி எடுக்கும் கட்டிலில் படுத்ததும் நெஞ்சு நல்ல பிள்ளையாக அடங்கிவிட்டது. தாளில் கோடு ஒழுங்காக ஓடியது. ஆனால் உடம்பெல்லாம் வயரோடு கிடந்த மனைவியைப் பார்த்து மரியரட்ணம் மயங்கி விழுந்ததில், அவனுக்கும் ஓர் ஈசிஜி எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் தடவையும் அதே கதைதான். தோட்டத்தில் பேச்சு கிளம்பியது. கங்காணி செல்லசாமி எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "மலையில ஏறுனா வருத்தம், டவுன்ல எறங்குனா சுகம். இப்படி ஒரு நெஞ்சு எனக்கும் வாச்சா நல்லாருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசப்பினும் சிரித்தாள். அன்றிரவு தன் நெஞ்சின் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு அது புரளும்போதெல்லாம் ஒருவரிடமும் சொல்லாமல், ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு மறு கையால் கொழுந்து கிள்ளினாள்.

மரியரட்ணம்தான் கவனித்து, பிடிவாதமாக மறுபடி டொக்டரிடம் கூட்டிப்போனான். டொக்டர் சிறு வயதுப் பெண்.

"நீங்க பொய் சொல்லல்லம்மா. சிலருக்கு இது வந்து வந்து போகும். வந்திருக்கிற நேரத்துலதான் அதப் பிடிக்கணும். வந்த உடனே புறப்பட்டு வாங்க. மயக்கமோ, நெஞ்சுவலியோ, மூச்சுமுட்டலோ சேந்து வந்தா எதையும் யோசிக்கவே வேணாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியிறங்கும்போது அது வந்தது. கண் இருட்டியது. ஜெரோஷன் ஆட்டோவைக் கிளப்பினான். பள்ளமும் குழியுமான பாதையில் மூவரும் குலுங்கிக்கொண்டே போனார்கள்.

"இருக்கா?" என்றான் மரியரட்ணம்.

"இருக்குங்க."

"அத்தை, விட்றாதீங்க! பாலம் தாண்டிட்டோம்," என்றான் ஜெரோஷன்.

மரியரட்ணம் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கியவன், பாதியில் திடுக்கிட்டு நிறுத்தினான். "மாதாவே, சுகமாக்குங்க. ஆனா ஈசிஜி எடுத்ததுக்குப் பொறகு சுகமாக்குங்க."

"சிரிக்க வைக்காதீங்க, மூச்சு முட்டுது," என்றாள் ஜோசப்பின்.

கட்டிலில் படுத்தாள். வயர்களை ஒட்டினார்கள். இந்தத் தடவை மரியரட்ணம் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். தாள் வெளியே வந்தது. கோடு தாறுமாறாகத் தாவி, நின்று, மறுபடி தாவியிருந்தது.

"புடிச்சாச்சு!" என்று மரியரட்ணம் கத்தினான். ஜெரோஷன் விசிலடித்தான். நர்ஸ் மிஸ்ஸி இருவரையும் அதட்டி வெளியே தள்ளினாள். ஜெரோஷன் அங்கிருந்தே லயத்துக்குப் போன் போட்டான். கட்டிலில் கிடந்த ஜோசப்பினுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் அவள் மனசு இவ்வளவு இலேசாக இருந்ததில்லை.

டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு மரியரட்ணத்தை உள்ளே அழைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"இப்படி அடிக்கிறப்ப உள்ளுக்க ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கக் கைகால் விழுந்துபோகலாம். நல்ல நேரத்துக்கு வந்திருக்கிறீங்க. மருந்து குடுப்பம், ஆனா இன்னைக்கு வார்ட்லதான் இருக்கணும்."

மரியரட்ணம் தலையாட்டினான். டொக்டர் போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"என்னாங்க, சந்தோசமாத்தானே இருந்தீங்க?"

"இப்பவும் சந்தோசந்தான் புள்ள."

கட்டிலோரம் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு விரலால் நாடியைத் தேடிப் பிடித்தான். உதடுகள் சத்தமில்லாமல் எண்ணத் தொடங்கின. நடுவில் தடுமாறி நின்றான். விரலைச் சற்று நகர்த்தி வைத்து, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.