தில்லைநாயகம் வீட்டில் வந்து இறங்கிய வன்மங்கள்

2019ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, மேலப்பாளையத்திலிருந்து வந்த ஷேர் ஆட்டோ பெருமாள்புரத்தில் தில்லைநாயகத்தின் வீட்டு வாசலில் ஒரு வன்மத்தை இறக்கிவிட்டுப் போனது. முழங்கால் உயரம், ஈரச் சாக்கின் நிறம். கண், மூக்கு எதுவும் இல்லை, வாய் மட்டும் இருந்தது. ஆள் கணக்கில் வாங்குவதா, சாமான் கணக்கில் வாங்குவதா என்று தெரியாமல் ஆட்டோக்காரர் அதனிடம் ஒன்றுமே வாங்கவில்லை. கதவைத் திறந்த சண்முகசுந்தரி, "யாரு வேணும்?" என்று கேட்டாள். "மேலப்பாளையத்துலருந்து வாரேன். எழுதுனவரப் பாக்கணும்" என்றது. அவள் உள்ளே திரும்பி, "ஏங்க, ஒங்களத் தேடித்தான். மேலப்பாளையத்துலருந்து வந்திருக்கு" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போனாள்.

எழுதியவர் தில்லைநாயகம்தான் என்பது அதுவரை மூன்றே பேருக்குத் தெரிந்த விஷயம். அவர், அவர் மனைவி, மூன்றாவதாக மேடைப் பேச்சாளர் கோமதிசங்கர். பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு மண்டபம் மண்டபமாக வாழ்வது எப்படி என்று பேசுகிற கோமதிசங்கரின் பெயரில் அதுவரை பன்னிரண்டு புத்தகங்கள் வந்திருந்தன. பன்னிரண்டையும் எழுதியவர் தில்லைநாயகம். விடியற்காலை நாலரைக்கு எழுவதன் மேன்மை பற்றிய புத்தகத்தை அவர் தினமும் ஒன்பது மணிக்கு எழுந்து எழுதினார். சர்க்கரையை வெல்வது பற்றிய புத்தகத்தை மூன்று கரண்டி சீனி போட்ட காப்பியோடு எழுதினார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பல வாசகர்கள் நாலரைக்கு எழுந்தார்கள், சிலருக்குச் சர்க்கரை இறங்கியது.

பன்னிரண்டாவது புத்தகத்தின் பெயர் 'இறக்கி வையுங்கள்'. பிறர்மேல் இருக்கும் வன்மத்தை விட்டுவிட்டு மன்னிப்பது பற்றியது. அதை எழுதியபோது தில்லைநாயகம் தன் ஒரே மகள் பிருந்தாவுடன் பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. கணக்கு டீச்சரான பிருந்தா, அதே பள்ளியில் தமிழ் வாத்தியாரான ரிச்சர்டைக் காதலித்துப் பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டாள். மறுநாள் இருவரும் மாலையோடு வந்தபோது தில்லைநாயகம் கதவைச் சாத்தினார். பிறகு பேத்தி பிறந்தாள். அவர் பார்க்கப் போகவில்லை. சண்முகசுந்தரி வியாழன்தோறும் நெல்லையப்பர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்வந்தாள். கோயிலிலிருந்து திரும்புகிறவளின் சேலையில் குழந்தைப் பவுடர் வாசனை இருப்பதைப் பற்றி அவரும் கேட்டதில்லை. இந்த நிலையில் அவர் எழுதிய 'பிள்ளைகளை மன்னிப்பது எப்படி' என்ற அத்தியாயத்தை, கோமதிசங்கர் எழுதியதென்றே நினைத்துத் தட்டச்சு செய்த பெண் இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாளாம்.

அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரு பயிற்சி இருந்தது. கண்ணை மூடி, உங்கள் வன்மத்தை எதிரே நிறுத்தி, "நீ உன் இடத்துக்குப் போ" என்று வாய்விட்டு மூன்று முறை சொல்லுங்கள். நல்ல வாக்கியம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சித்தி ஜனாபா என்ற பெண், துபாயிலிருந்து வந்த கம்பளியை மதினி ஒளித்துவைத்துக்கொண்டாள் என்று பதினெட்டு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தவள், லைப்ரரியில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்து அப்படியே சொன்னாள். வன்மம் இறங்கியது. எது தன் இடம் என்று யோசித்திருக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதியவர் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து ஆட்டோ ஏறிவிட்டது.

ஆடிக்குள் நாற்பது வந்தன. புத்தகம் நான்காம் பதிப்பு கண்டபோது முன்னறையில் கால் வைக்க இடமில்லை. கொரோனாவுக்குப் பஸ் நின்ற மாதங்களில், முக்கூடல் வன்மங்கள் ஆற்றங்கரை வழியாகவும் நாங்குநேரி வன்மங்கள் நெடுஞ்சாலை ஓரமாகவும் வரிசை கலையாமல் நடந்து வந்தன. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்கள் பாஸ் கேட்டார்கள். இல்லை என்றதும், தலைக்கு ஒரு முகக்கவசம் மாட்டி அனுப்பிவைத்தார்கள். தில்லைநாயகம் கோமதிசங்கருக்குப் போன் செய்து, அட்டையில் இருப்பது உங்கள் பெயர்தானே, பாதியையாவது நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டை அனுப்பியும் பார்த்தார். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டன. "அவரு அந்தப் புஸ்தகத்த வாசிக்கவே இல்ல வே" என்றது ஒன்று, மனம் நொந்து.

உண்மையில் தில்லைநாயகத்துக்கு இது பெரிய தொந்தரவாக இல்லை. காலையில் அந்தப் புத்தகத்தின் அடுத்த பாகத்துக்காக மன்னிப்பின் குளிர்ச்சி பற்றி நான்கு பக்கம் எழுதுவார். மதியம் சாப்பிட்டுவிட்டு வன்மங்களுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றின் கதையையும் கேட்பார். "சரியாத்தான் சொல்லுதே. அதெல்லாம் லேசுல விடப்படாது" என்று தொடையில் தட்டுவார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல பேச்சுத்துணை கிடைத்ததில்லை. சண்முகசுந்தரி மட்டும், சமையல்கட்டுக்குப் போக வர ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி முழங்கால் வலி வந்து, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

2023 தை மாதம் ரிச்சர்டுக்கு மாலத்தீவில் வாத்தியார் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. சண்முகசுந்தரி புதன்கிழமை காலை காப்பியை வைத்துவிட்டு, நகராமல் நின்றாள்.

"ஞாயித்துக்கெழம பிருந்தா பிள்ளையக் கூட்டிக்கிட்டுச் சொல்லிக்கிட வாரா. ஒம்பது வருசமாச்சு. இந்தத் தடவையும் கதவ அடைச்சியன்னா நானும் அவகூட வெளிய நின்னுக்கிடுதேன். பொறவு உள்ள வரமாட்டேன்."

"என்ன மெரட்டுதியா?"

"இல்ல. சொல்லுதேன்."

தில்லைநாயகம் அடைப்பதென்றே முடிவு செய்தார். அதற்குத் தன் வன்மம் வேண்டும். நெஞ்சைத் தடவிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. வீட்டில் கூட்டம் சேர்ந்த பிறகு அது எப்போதோ வெளியே இறங்கி மற்றவற்றோடு உட்கார்ந்துவிட்டிருக்கிறது. எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். கதையைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மூன்றரை வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவை கதைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. நாங்குநேரி வன்மம் துபாய்க் கம்பளியைப் பற்றி அழுதது. மேலப்பாளையத்து வன்மம் பெருமாள் கோயிலில் தனக்குக் கிடைக்காத முதல் மரியாதையைப் பற்றிக் கொதித்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தேடினார். பிருந்தா என்ற பெயரை ஒன்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்கு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தில்லைநாயகம் கைக்கு அகப்பட்ட ஒன்றைத் தூக்கி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். மகள் நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. அவள் விரலைப் பிடித்தபடி ஆறு வயதுப் பேத்தி. அவர் சுட்டுவிரலை நீட்டி, வீடு அதிரக் கத்தினார்.

"வரப்புல நின்ன தென்னைய ஏன் வெட்டுன?"

பிருந்தா ஒன்பது வருடமாக அப்பா கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தாள். இதற்கு மட்டும் இல்லை. "எந்தத் தென்னப்பா?"

"எங்கய்யா வச்ச தென்ன! முப்பது வருசமாக் காச்ச மரம்!"

"நமக்கு வயலே கெடையாதேப்பா."

அவளுக்கு அது சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. "இத்தன வருசம் என்கிட்டப் பேசாம இருந்தது ஒரு தென்னமரத்துக்காப்பா?"

தில்லைநாயகம் பன்னிரண்டு புத்தகம் எழுதியவர். அந்த நேரத்தில் ஒரு வாக்கியமும் கைகொடுக்கவில்லை. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, "இல்ல. அது வேற. அதத்தான் மூணு நாளாத் தேடுதேன், கெடைக்க மாட்டேங்கு" என்றார். அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

கேட்டுக்கு வெளியிலேயே நின்ற ரிச்சர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமா, நானும் வந்து தேடட்டுமா?" என்று கேட்டான்.

அவர் வா என்று சொல்லவில்லை. நகர்ந்து வழி விட்டார். பெரியவர்கள் நான்கு பேரும் மதியம் இரண்டு மணி வரை கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் தேடினார்கள். பேத்தி நல்ல அகலமான ஒரு வன்மத்தின்மேல் ஏறி உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். கிடைக்கவில்லை. பசி எடுத்ததால் தேடுவதை விட்டுவிட்டு, மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற சொதியும் இஞ்சித் துவையலுமாகச் சாப்பிட்டார்கள். புதன்கிழமை பிருந்தா குடும்பம் கிளம்பிப் போனது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்குப் போன் வரும். தில்லைநாயகம் பேத்தியிடம் முதலில் பேசுவார், பிறகு மகளிடம், கடைசியில் மருமகனிடம் அங்கே மழையா என்று கேட்பார். நடந்ததை எப்படியோ அறிந்த கோமதிசங்கர், அடுத்த கூட்டத்திலேயே அதைத் தன் சொந்த அனுபவமாகச் சொல்லி மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தென்னைமர வன்மத்தின் சொந்தக்காரர் முக்கூடல் சிவசைலம் சித்திரையில் தேடி வந்தார். அதை இறக்கிவைத்த நாளிலிருந்து பொழுதே போகவில்லை என்றும், பக்கத்து வயல்காரர் பாபநாசத்தைப் பார்த்தால் வெறுமனே கும்பிடத் தோன்றுகிறது என்றும் குறைப்பட்டார். தில்லைநாயகம் தர மறுத்துவிட்டார். ஒருவேளை அது தில்லைநாயகத்தின் சொந்த வன்மமேதானோ, கதை மட்டும் மாறியிருந்ததோ, உறுதி செய்ய வழியில்லை. தன் நெஞ்சுக்குள் இருப்பது இது ஒன்றுதான் என்றும், சிவசைலத்துக்குப் பதிலாகத் தானே நேரில் வந்து பாபநாசத்தைக் கேட்பதாகவும் சொன்னார். சிவசைலம் சம்மதித்தார்.

அதன்படி தில்லைநாயகம் மாதாமாதம் பஸ் ஏறி முக்கூடலுக்குப் போகிறார். பாபநாசம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வைத்திருப்பார். வெட்டப்பட்ட தென்னைக்காகத் தில்லைநாயகம் முக்கால் மணிநேரம் திட்டுவார். பாபநாசம் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொள்வார். நடுவில் ஒரு தடவை மோர் வரும். முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்து, "அடுத்த மாசம் என்னைக்கு வாரிய அண்ணாச்சி?" என்று கேட்பார்.

"மொத ஞாயிறு" என்பார் தில்லைநாயகம்.