பருத்தி அங்கி

நாலரைக்கு எழுந்தான். வெந்நீர் வைத்தான். மாத்திரைகளைப் பிரித்து வைத்தான். கழிவறைக் கதவருகே நின்று, "முடிஞ்சுதா?" என்றான். ஐந்தாவது தடவை.

"ரத்தம்தான் போகுது," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

ஆறு மணிக்கு இருவரும் சட்டை தைக்கும் ஆலையில் இருந்தார்கள். அவன் வெட்டுமேசையில் நூறு மடிப்புத் துணியை அறுப்பவன், மூக்கெல்லாம் பஞ்சு. அவள் தையல் வரிசையில். நாற்பது பேருக்குக் கழிவறை போக அனுமதியாக ஒரே மர வில்லை. மற்றவர்கள் அடக்கிக்கொண்டு அதை அவளிடமே விட்டிருந்தார்கள்.

பெருங்குடல் முழுக்கப் புண். மருந்து மட்டும் போதவில்லை. "கூடவே அழுத்த அறையில வச்சு ஆக்சிஜன் குடுத்துப் பார்ப்போம். சிலருக்குக் கேட்டிருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். இன்று பதினோரு மணிக்கு முதல் முறை. தவறினால் இடம் அடுத்தவருக்கு. துணி உரசி ஒரு பொறி பறந்தாலும் உள்ளே தீப்பிடிக்கும். முழுப் பருத்தி உடையில்தான் வர வேண்டும். நாளெல்லாம் பருத்தி தைப்பவளிடம் இருந்ததெல்லாம் நைலான்.

குப்பைக்குப் போகும் வெட்டுத்துண்டுகளை அவன்தான் பொறுக்கிக் கொடுத்தான். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் வரிசைப் பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்டு அங்கியாக்கினார்கள். ஒரு கை மட்டும் குட்டையாகிப் போனது. "உள்ள வந்து யாருடி பார்க்கப் போறா?" என்றாள் காலர் தைப்பவள்.

பத்து மணிக்கு இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது வாசலில் அவள் பையைச் சோதித்தார்கள். முதலாளியே இறங்கி வந்தார்.

"யார் துணி இது?"

"குப்பை சார்," என்றாள் மனைவி.

"என் குப்பை. திருடினேன்னு எழுதிக் குடுத்துட்டு இதை எடுத்துக்கிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வராதே." காகிதத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார்.

காலர்க்காரி எழுந்து வந்தாள். "இடது கை நான் தச்சது சார். கழுத்து அதோ அவ. நாப்பது காகிதம் கொண்டாங்க."

"வாய் நீளுது உனக்கு."

"அங்கிக்குத்தான் சார் கை நீளம் பத்தலை."

ஓர் இயந்திரம் நின்றது. பிறகு பக்கத்தது. வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கியது. பெண்கள் வந்து வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார்கள். அரை மணியில் மேல்மாடியும் ஓய்ந்தது.

அவன் பேனாவை மனைவியின் கையில் திணித்தான். "கையெழுத்துப் போட்டுடு. வேலை போனாப் போகுது. பதினொண்ணுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

அவள் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி பேனாவைக் கீழே வைத்தாள். காலர்க்காரி நகர்ந்து இரண்டு பேருக்கு இடம் விட்டாள்.

"நான் போட்டா இவங்க எல்லாருமே திருடிங்க," என்றாள். "நீங்களும் உட்காருங்க."