கதவுக்குப் பின்னால் ஒரு குடை

1

இந்தக் கதையை என் தலையில் கட்டியவள் என் நாத்தனார். அவள் மனநல ஆலோசகர். நீதிமன்றத்தில் வாய் திறக்கப் பயப்படும் சாட்சிகளை வக்கீல்கள் அவளிடம் அனுப்புவார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லித்தர மாட்டாள். மூச்சை எப்படி விடுவது, கேள்வி முடியும்வரை எப்படிப் பொறுப்பது, தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது, இவ்வளவுதான் அவள் பாடம்.

"அண்ணி, ஒத்திகையில நீங்க எதிர்த்தரப்பு வக்கீலா நடிக்கணும். குறுக்குக் கேள்வி கேக்குறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்லைன்னு அண்ணன் சொல்றாரு."

என் கணவர் அதைப் பாராட்டாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஓசியில் ஒரு கதை கிடைக்குமே என்ற நப்பாசைதான்.

2

நீதிமன்றப் படியில் கால் வைத்தபோது அவளுடைய இதயம்— [வேண்டாம். இதயம் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும்.]

கண்ணீர் தளும்பும் விழிகளோடு அந்தத் தையல்காரி— [பொய். அவள் அழவே இல்லை. நாத்தனாரின் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் திரையைப் புரட்டிப் பார்த்து, "ஓரம் பிரிஞ்சிருக்கு, கவனிக்கலியா?" என்றாள்.]

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்கில் திருட்டு. காவலாளியின் மண்டை உடைந்தது. அடித்தவன் தையல்காரியின் தம்பி என்று வழக்கு. அந்தச் சாயங்காலம் அவன் அக்கா வீட்டு முன்னறையில் ஓடாத மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்கிறாள் அவள். வேறு சாட்சி கிடையாது. நீதிபதி இவளை நம்பாவிட்டால் தம்பி சிறைக்குப் போவான்.

3

சாப்பாட்டு மேசையிலிருந்து தள்ளிப் போட்ட நாற்காலிதான் சாட்சிக் கூண்டு. தையல்காரி அளவு நாடாவைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கைக்கு வேலை இருந்தால் குரல் நடுங்காது என்று நாத்தனார் அதை விட்டுவைத்திருந்தாள். நடுவில் போன் வந்து அவள் பால்கனிக்குப் போனாள். நான் விடுவேனா?

"உங்க தம்பி வந்ததும் நனைஞ்ச குடையை எங்க வச்சாரு?"

குடை என் சொந்தச் சரக்கு. (அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: என் கதையில் யார் உள்ளே வந்தாலும் கையில் எதையாவது கொடுத்துவிடுவேன். வெறுங்கையோடு வருகிறவர்களை வாசகர்கள் நம்புவதில்லை.)

அவள் நாடாவை நிறுத்தி யோசித்தாள். "கதவுக்குப் பின்னாடி வச்சிருப்பான்."

"வச்சிருப்பாரா, வச்சாரா?"

"வச்சான்."

என் நடிப்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

4

அடுத்த வாரம் நாத்தனார், "அன்னைக்கு நடந்ததை உங்க போக்குல சொல்லுங்க" என்றாள்.

"தம்பி வந்தான். குடையைக் கதவுக்குப் பின்னாடி வச்சான். தரையெல்லாம் தண்ணி. திட்டிக்கிட்டே நான்தான் தொடச்சேன்."

தண்ணீரை நான் கொடுக்கவில்லை. அது அவளாகச் சேர்த்தது.

நாத்தனார் நிமிர்ந்தாள். "வெயில் தாங்காமத்தானே ஃபேனையே கழட்டினான்னு சொன்னீங்க? மழை எங்கேருந்து வந்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன்.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க! கேட்டதை ஒரு தடவை மனசுல பாத்துட்டா, அது உள்ளேயே தங்கிடும். அதுக்குப் பயந்துதானே நானே வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தையல்காரிக்கு என்மேல் கோபமே வரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அப்ப தம்பி வீட்டுல இருந்தானே, அதுவும் யாராவது சொன்னதுதானா?"

"இல்லம்மா. அதை நீங்க மொத நாளே, யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே சொன்னீங்க" என்றாள் நாத்தனார்.

"ரெண்டும் எனக்கு ஒரே மாதிரி தெரியுதே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

5

முடிவு ஒன்று: குடையை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் சொல்கிறாள். தம்பி விடுதலை. [எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அதனாலேயே இதன்மேல் சந்தேகம்.]

முடிவு இரண்டு: இந்தச் சாட்சியே வேண்டாம் என்று வக்கீல் கைவிடுகிறார். தம்பியை— [முடிக்க மனம் வரவில்லை.]

நடந்தவரை சொல்கிறேன். நாத்தனார் எல்லாவற்றையும் வக்கீலிடம் ஒப்பித்தாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதுவதாக இல்லை. தையல்காரியிடம், "கூண்டுல ஏறுறதும் ஏறாததும் உங்க இஷ்டம்மா" என்றார்.

ஏறினாள். கூண்டுக்குள் நாடா கூடாது என்றார்கள். வெறும் விரல்கள் எதையோ சுற்றிக்கொண்டே இருந்தன. கேள்வி முடியும்வரை பொறுத்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயா, என் மனசுல ஒரு குடை இருக்கு. அது நெசமில்லைன்னு சொல்லிட்டாங்க. தம்பியும் இருக்கான், முன்னறையில, ஃபேனைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு. ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது. ஆனா குடைக்கு முன்னாடியே அவன் அங்க இருந்தான்."

6

நீதிபதிக்கு நான் வசனம் எழுதப் போவதில்லை. ஒருவர் வாயில் குடையைத் திணித்ததே போதும். நீதிபதியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. அந்தக் குடையின் நிறத்தை நான் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் கதவுக்குப் பின்னால் அது ஒரு நிறத்தில் உங்களுக்குத் தெரிகிறது, இல்லையா? அந்த நிறத்தை மறக்காமல், கூண்டில் நிற்கும் அந்த அம்மாவைப் பாருங்கள். உங்கள் பதிலுக்காகத்தான் நிற்கிறாள்.