நூற்றிருபது வீட்டு ‘ஆமா’

ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருக்கிற மூன்று தெருக்களில் ரெனிட்டா நூற்றிருபது வீடு ஏறி இறங்கிவிட்டாள். “மக்குற குப்பை, மக்காத குப்பையைப் பிரிச்சுப் போடுறீங்களா?” என்று கேட்டால் எல்லா வீட்டிலும் “ஆமா.” ஆனால் குப்பை வண்டியில் சாம்பார் சோறும் பால் கவரும் ஒன்றாகத்தான் கிடந்தன.

அவளை ஆய்வுக்கு அமர்த்தியிருந்த, குப்பை அள்ளும் ஒப்பந்தக் கம்பெனியின் மேனேஜர் பொன்னுராஜ் அசரவில்லை. “சனங்களுக்கு அக்கறை கிடையாதும்மா. அதையே எழுதிக் குடுத்துட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடி.”

எழுத அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் குப்பை எடுக்கிற மாரிக்கனியோடு தெருத் தெருவாக நடந்தாள். வண்டி வந்ததே காலை எட்டரைக்கு. மில் ஷிப்டுக்குப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன; வாசலில் கட்டி வைத்த பைகளை நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. திறந்திருந்த ஒரு வீட்டிலிருந்து செல்லத்தாய் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்தாள். வண்டியில் இருந்ததோ ஒரே டிரம். மாரிக்கனி இரண்டையும் அதிலேயே கவிழ்த்தாள்.

“பாத்தியாம்மா? பிரிச்சுக் குடுத்தாலும் ஒண்ணாத்தான் கொட்டுதாக. பொறவு எவ பிரிப்பா?” என்றாள் செல்லத்தாய்.

“எனக்கு மட்டும் ஆசையாக்கா? குடுத்தது ஒரு டிரம்முதான்” என்று மாரிக்கனி முகத்தைச் சுருக்கினாள்.

நேரே ஆபீசுக்குப் போனாள் ரெனிட்டா. “கோளாறு வண்டியிலதான் சார்.”

“சனங்களைப் பத்தித்தானம்மா விசாரிக்கச் சொன்னேன்?”

“விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன். இன்னொரு டிரம் குடுங்க, வண்டியைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு விடுங்க. ஒரே மாசம். ஒண்ணும் மாறலைன்னா நீங்க சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போடுறேன்.”

பொன்னுராஜ் சரியென்று தலையாட்டினார்.

முதல் வாரம் பிரித்துக் கொடுத்தவை பதினோரு வீடுகள். ரெனிட்டா மீதி நாட்களை எண்ண ஆரம்பித்தாள். மாரிக்கனி மட்டும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும், “நல்லாப் பாத்துக்கோங்க, தனித்தனியாத்தான் கொட்டுதேன்!” என்று சத்தம் போட்டுக் கொட்டினாள். ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் நாற்பது வீடானது. மாசக் கடைசியில் நூற்று நாலு!

பொன்னுராஜ் நம்பாமல் தானே வந்தார். கம்பை எடுத்து மக்குற குப்பை டிரம்மை அடிவரை கிளறினார். வாழைப்பழத் தோல், கீரைத்தண்டு, டீத்தூள், வேறொன்றும் இல்லை.

“என்ன சார் தேடுதீக? பால் கவரு அந்த டிரம்முல கெடக்கு” என்றாள் செல்லத்தாய்.

தெருவே சிரித்தது. பொன்னுராஜும் சிரித்துவிட்டார். அங்கேயே நின்று போனைப் போட்டார்: “ஏலே, நம்ம வண்டி அம்புட்டுக்கும் ரெண்டு ரெண்டு டிரம் மாட்டச் சொல்லு. வண்டி விடுற நேரத்தை ரெனிட்டா பிள்ளைகிட்ட கேட்டுக்கோ.”

மாரிக்கனி ரெனிட்டாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பக்கத்துத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வண்டியை மறித்துவிட்டார்கள்.

“எங்க தெருவுக்கு எப்ப வாரீக?”

“நாளைக்கே!” என்றாள் ரெனிட்டா.