குக்கர் பூட்டிய கொரோலா

பதினான்கு வருஷம் கார்களுக்கு அடியில் நின்று சைலன்ஸர் மாட்டியவள் நான். எங்கள் பேட்டையான எல்டராடோ பார்க்கில் எந்த வண்டி இருமினாலும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வரும். வந்தால் "மெர்லீன் எங்க?" என்றுதான் கேட்பார்கள். ஒர்க்‌ஷாப் என் அண்ணன் கிளைவுடையது. பூட்டா என்று கூப்பிடுவேன், எங்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவன், அதட்டலைக் கேட்டால் அறுபது வயது என்று தோன்றும்.

அங்கே இரண்டு லிஃப்ட். முதலாவதில் சைலன்ஸர், அது என் இடம். இரண்டாவதில் இன்ஜின். அதைப் பார்த்துவந்த ஆள் ஜனவரியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த லிஃப்டை எனக்குக் கொடு என்று கேட்டேன்.

"நீ புகைக்காரி, மெர்லி. இன்ஜினுக்கு நெவில் வர்றான்" என்றான் பூட்டா.

நெவில் ஃபோர்டுயினைத் தெரியாதவர்கள் எங்கள் பேட்டையில் கிடையாது. தெரியாதவர்களுக்கு அவனே சொல்லிவிடுவான். இரண்டு பெரிய கார்புரேட்டர் மாட்டிய சிவப்பு கோல்ஃப் வைத்திருந்தான், வேகமான வண்டிதான், அதை நான் மறுக்கவில்லை. அன்றைக்கும் வாசலில் நின்று வறுத்த பன்னைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "பூட்டா, நம்ம கொரோலாவுக்கு நானே டர்போ கட்டுறேன். இவன் வண்டியோட ஓட்டிப் பாப்போம். நான் ஜெயிச்சா ரெண்டாவது லிஃப்ட் எனக்கு."

அந்தக் கொரோலா எண்பத்திரண்டு மாடல். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிவர மட்டும் வைத்திருந்தோம். மேட்டில் ஏறும்போது மினிபஸ் டாக்ஸிக்காரர்கள்கூட ஹாரன் அடிக்காமல் பரிதாபப்பட்டு ஒதுங்கிப் போவார்கள்.

பூட்டா தலையாட்டினான், நெவில் சிரித்தான். "சரிக்கா. ஆனா இங்க வேணாம். டர்பன்ல வச்சுக்கலாம், கடற்கரைப் பக்கம். தோத்தா அந்த டர்போவை உன் கையாலயே கழட்டணும்."

"கழட்டுறேன்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் எதற்கு டர்பனைச் சொன்னான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் ஊர் ஆயிரத்து எழுநூறு மீட்டர் உயரம். காற்று மெலிசு, சாதாரண இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். காற்றை உள்ளே திணிக்கும் டர்போவுக்கு அதனாலேயே இங்கே மவுசு. கடலோரத்தில் காற்று கெட்டி. அவன் கோல்ஃபுக்குச் சும்மாவே பலம் கூடிவிடும். ஆக என் பிடியில் பாதியை அவன் பேச்சிலேயே பிடுங்கிவிட்டான். சொன்ன வாயை என்ன செய்வது?

வேலையில் இறங்கினேன். டர்போ என்றால் பெரிய மாயமில்லை. வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் இன்னொன்றைச் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும். பாதிக்குப் பாதி புகை வேலை. புகை எனக்குத் தெரியாதா?

பழைய இரும்புக் கடையில் நொறுங்கிப்போன டீசல் பிக்கப்பிலிருந்து டர்போ கிடைத்தது. நீராவிக் குழாயின் தடித்த வளைவுகளை வெட்டி வெல்டிங் வைத்து, புகை போகும் வழியை நானே செய்தேன். முதலில் செய்தது மூன்றாம் நாளே விரிசல் விட்டது. இரண்டாவதைச் சூடு மெல்ல ஆறும்படி மணலில் புதைத்து வைத்தேன், அது நின்றது. பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்புரேட்டரை, டர்போ தள்ளும் காற்று கசியாத பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு வாரம் தேடியும் தோதான பெட்டி அகப்படவில்லை. கடைசியில் என் சமையலறையிலிருந்து ஸ்டீல் பிரஷர் குக்கரை எடுத்துவந்து, அடியில் துளை போட்டு, மூடியை கேஸ்கெட்டோடு பூட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

பூட்டா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "என்னடி, எத்தன விசில்ல வேகும்?"

"உன் வாய் அடங்குற வரைக்கும் வேகும்" என்றேன்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். நெவில் கோல்ஃபை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டான். நான் கொரோலாவை ஓட்டிக்கொண்டே போனேன், பக்கத்தில் பூட்டா, மடியில் அவித்த முட்டையும் கோழிப் பொரியலும். வான் ரீனன் கணவாய் இறங்கியதிலிருந்து வண்டியின் நடையே மாறியது. கால் வைத்தால் பாய்ந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா பூட்டா? இதுதான் என் கை!"

அவன் மேலே இருந்த பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

என் கையாவது, மண்ணாவது! மேட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் கடலுக்கு இறங்கும்போது ஏமாறும் இடம் அது. காற்று கெட்டியாகிறது, வண்டி பாய்கிறது, நம் சாமர்த்தியம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். காற்று கூடிய அளவுக்குப் பெட்ரோல் கூடவில்லை என்பது நினைவில் இருப்பதில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு, அதாவது ஜெட், எங்கள் ஊரின் மெலிந்த காற்றுக்கு அளவெடுத்தது. டர்போ வேறு காற்றை அமுக்கித் தருகிறது. பெட்ரோல் போதாவிட்டால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும்.

ஞாயிறு காலை, டர்பன் பந்தயத் தடத்தில், பயிற்சி ஓட்டத்தில் அது தெரிந்தது. முழுசாக மிதித்தபோது, தகர டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். சட்டென்று காலை எடுத்தேன். ஓரமாக நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை, அதில் மிளகுப்பொடி தூவியதுபோலப் புள்ளி. இன்னொரு தடவை அப்படி ஓட்டியிருந்தால் அதோடு தீர்ந்தது.

நெவில் எட்டிப் பார்த்தான். "கடலோரத்து ஜெட் கொண்டு வரலியாக்கா?" அவன் கையில் ஒரு டப்பா நிறைய ஜெட், எல்லாம் அவனுடைய கார்புரேட்டருக்கானவை. "இதுல எதுவும் உனக்குப் பொருந்தாதே. இன்னிக்குக் கடையும் இல்ல. பேசாம விட்டுடு, இன்ஜினாவது மிஞ்சும்."

அவன் குரலில் நக்கல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே பாவப்பட்டான், அதுதான் எரிந்தது.

பூட்டாவும் என் தோளைத் தொட்டான். "போதும் மெர்லி. வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ குக்கர் மூடியப் பிடி" என்றேன்.

சின்ன ஜெட்டைப் பெரிதாக்க வழி இருக்கிறது, துளையை அகலப்படுத்த வேண்டும். தலைமுடி கனத்துக்குக் கூடினால் போதும். அதற்கு மேல் போனால் பெட்ரோல் வழிந்து இன்ஜின் திணறும், அகன்ற துளையை மறுபடி சுருக்கவும் முடியாது. என்னிடம் இருந்தது அந்த ஒரே ஜெட். கேஸ் வெல்டிங் செய்கிற யாருடைய கருவிப் பெட்டியிலும் டார்ச் மூக்கு அடைத்தால் குத்தி எடுக்கிற ஊசிக் கொத்து கிடக்கும், ஒன்றைவிட ஒன்று சற்றே தடித்த அரம்போட்ட ஊசிகள். இன்ஜின் மெக்கானிக் அதைக் கையால் தொட்டிருக்க மாட்டான். நான் பதினான்கு வருஷமாகத் தினமும் தொடுகிறேன்.

ஜெட்டை விரல்களில் பிடித்து ஊசியை நுழைத்தேன். மூன்று திருகு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். போதாது. அடுத்த ஊசி, இரண்டு திருகு. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் அரைத் திருகு, அவ்வளவுதான். ஸ்பார்க் கொஞ்சம் தாமதமாக வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரையும் திருப்பி இறுக்கினேன். பின்பக்கச் சாலையில் ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டிவந்து பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம், பெட்ரோல் சரியான அளவில் எரிகிறது! அழுகை வந்தது, அழுதேன். பூட்டா தன் தொப்பியை நீட்டினான், துடைத்துக்கொண்டு அதையே திருப்பிக் கொடுத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நானூறு மீட்டர், ஒரே ஓட்டம். பச்சை விளக்கு வந்ததும் நெவில் சிட்டாய்ப் பறந்தான். என் டர்போ விழித்துக்கொள்ள நேரம் எடுத்தது. பாதி தூரம் வரை அவனுடைய பின்பக்க நம்பர் பிளேட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியர் விழுந்தது. உள்ளே சக்கரம் ஊளையிட ஆரம்பித்தது, சீட் முதுகில் வந்து அறைந்தது. சரளைக்கல் சத்தம் வருமா வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வரவில்லை. அவன் கதவு வந்தது. அவன் முகம் வந்தது. திரும்பி என்னைப் பார்த்தான், பார்த்திருக்கக் கூடாது. கோட்டைத் தாண்டும்போது என் மூக்கு அவன் மூக்குக்கு முன்னால் இருந்தது.

பலகையில் எண்கள் விழுந்தன. அவன் 14.83 விநாடி. நான் 14.71.

நான் கத்திய கத்தலில் தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது. பூட்டா தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தான், அந்தத் தொப்பையோடு! வழியில் ஒரு செருப்பு போயிற்று. நெவில் இறங்கிவந்து பானெட்டைத் திறக்கச் சொன்னான். வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"வெல்டிங் ஒரு இடத்துலகூட விரியலியே" என்றான்.

"விரியாது" என்றேன். கை கொடுத்தான். நல்லவன்தான், கொஞ்சம் சத்தம் அதிகம், அவ்வளவே. அடுத்த மாதம் வேறு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துகொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பைத் திறந்ததும் என் கருவிகளை எல்லாம் இரண்டாவது லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பத்து மணிக்கு ஒரு பெரியவர் மாஸ்டாவில் வந்தார். இன்ஜின் தட்டுகிறது என்றார். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "இன்ஜின் பாக்குறவர் எங்கம்மா?" என்று கேட்டார்.

முதல் லிஃப்டுக்கு அடியிலிருந்து பூட்டாவின் குரல் வந்தது. சைலன்ஸர் மாட்ட இனி வேறு யார் இருக்கிறார்கள்? முகமூடியை மேலே தள்ளி, கண்ணில் விழுந்த துருவைத் தேய்த்துக்கொண்டே கத்தினான்.

"ஐயா, இன்ஜின்னா அவதான்! அவ சொல்றதக் கேளுங்க. நான் புகை பாக்குறவன்."

பெரியவர் சாவியை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு பூட்டா பக்கம் குனிந்து பார்த்தேன்.

"பூட்டா, நீ வச்ச வெல்டிங் ஒழுகுது. கழட்டிட்டு மறுபடி வை."

கழற்றினான்.