பதிவில் இருந்த இரண்டாவது குரல்

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. செம்பவாங்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். கடைசி வரிசையில் எவன் முணுமுணுத்தாலும் வெண்பலகையிலிருந்து திரும்பாமலே பேரைச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட காதுதான் என் காலை வாரிவிட்டது.

எங்கள் பள்ளிக்குக் கலப்புக் கற்றல் வந்தபோது அதிகம் எகிறியவள் நான்தான். மாதத்தில் இரண்டு நாள் பிள்ளைகள் வரவேண்டாம், வீட்டிலேயே மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து படிக்கட்டும் என்றார்கள். எச்பிஎல் நாள் என்று அதற்குப் பேர். பாடத்தை நான் குரலில் பதிந்து ஏற்ற வேண்டும்; பிள்ளைகள் பதிலைப் பேசிப் பதிந்து அனுப்ப வேண்டும்.

"கண்ணப் பாத்துக் கேட்டாலே வாயத் தொறக்காதுங்க. தனியா உக்காந்து பேசுமாக்கும்?" என்று கூட்டத்தில் கேட்டேன்.

"ட்ரை பண்ணிப் பாப்போம் லா, டீச்சர்," என்றார் தமிழ்ப் பிரிவின் தலைவர் வெங்கடேஷ். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் கோபத்துக்குப் பழகியவர்.

பேசத்தான் செய்தார்கள். அதுவும் யார் என்று நினைக்கிறீர்கள்? கவிப்ரியா.

உயர்நிலை நான்கில் படிக்கிறாள். மூன்று வருடத்துக்கு மேலாக என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுத்தில் கெட்டிக்காரி. எழுந்து பதில் சொல் என்றால் மட்டும் மேசையைப் பார்த்தபடி நிற்பாள், மணி அடிக்கும்வரை நிற்பாள். மற்ற பாடங்களில் பேசுகிறாள் என்று சொன்னார்கள். பிடிவாதம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஜூலையில் வாய்மொழித் தேர்வு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் முன்னால் பேசியாக வேண்டும். அங்கேயும் இப்படி நின்றால், அவள் ஆசைப்படும் தொடக்கக் கல்லூரியை, பள்ளி முடித்ததும் போக நினைக்கும் அந்த இடத்தை, கனவில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள் அனுப்பிய பதிவுகளை மார்ச் மாதம்தான் கேட்க நேரம் கிடைத்தது. என் வீடு இருக்கும் சுவா சூ காங்கிலிருந்து ரயில் ஏறி, காதில் இயர்போன் கம்பியைச் செருகிக்கொண்டு கேட்டேன். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை அவரவரே கொண்டுபோய்த் திருப்பி வைப்பது பற்றி இரண்டு நிமிடம் பேசியிருந்தாள். திக்கல் இல்லை, திணறல் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் இறங்கும் நிலையமே தவறிவிட்டது.

மறுபடி கேட்டபோதுதான் அது காதில் விழுந்தது. அவள் மூச்சு வாங்கும் இடங்களில் இன்னொரு குரல். ஒரு பெண், மைக்கிலிருந்து தள்ளி உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினாள்.

"ம், அப்புறம்? பயப்படாத கவி. நேரம் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டியூஷன் டீச்சர் யாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு என் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறாளா? நேராக வெங்கடேஷிடம் போனேன். அவர் ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"விளையாடுறீங்களா டீச்சர்? இது நீங்கதானே?"

"யாரு, நானா?"

"அவங்கவங்க குரல் அவங்கவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் லா. தினமும் திட்டு வாங்குறவன்."

கைபேசியை வாங்கி மறுபடி கேட்டேன். அந்த 'ம்' என் மூக்கிலிருந்து வருவது. 'அப்புறம்' என்பதை இழுப்பதும் நான்தான்.

வெங்கடேஷ் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "உங்க பாடப் பதிவுலேர்ந்து வெட்டி ஒட்டியிருக்கலாம். அப்படின்னா அவளுக்கு சைபர், ஒழுங்கு நடவடிக்கை. இல்ல, நீங்க தனியா சொல்லிக் கொடுத்திருக்கணும். அது உங்க தலையில விழும். அடுத்த எச்பிஎல் நாள் காலையில பத்து மணிக்குள்ள எது உண்மைன்னு எனக்கு எழுதிக் கொடுத்துடுங்க."

அன்றே என் பதிவுகள் நாற்பத்தொன்றையும் கேட்டு முடித்தேன். ஒன்றில்கூட 'கவி' இல்லை. 'பயப்படாத' என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. அது என் வாயில் வருகிற சொல்லே இல்லை.

அவள் பதிந்த நாளையும் நேரத்தையும் பார்த்தேன். பிப்ரவரியில் ஒரு காலை, ஒன்பது பத்து. அந்த நேரத்தில் நான் தேக்கா பக்கத்தில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். தொண்டை அடைத்து ஒரு சொட்டுக் குரல் வரவில்லை. இரண்டு நாள் பேசவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் கைப்பையில் கிடந்தது. நாட்குறிப்பைப் புரட்டினேன். ஒவ்வோர் எச்பிஎல் நாளிலும் 'தொண்டை சரியில்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. குளிர்சாதனக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், பைத்தியக்காரி.

அடுத்த எச்பிஎல் நாள் காலையில் அனுமதி வாங்கிக்கொண்டு கவிப்ரியாவின் வீட்டுக்கு நடந்தேன். பள்ளியிலிருந்து பத்து நிமிடம். அவள் அம்மா ஹோட்டலில் காலை ஷிப்ட், எட்டு மணிக்குமேல் வீட்டில் அவள் ஒருத்திதான். ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரே ஒரு ஜோடிக் காலணி. கதவு சாத்தியிருந்தது, தாழ்வாரத்துச் சன்னல் கொஞ்சம் திறந்திருந்தது.

உள்ளே கவிப்ரியா பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. அதற்குப் பதில் சொன்னது என் குரல்.

"இப்ப எங்கடி போச்சு அந்தக் கொழுக்கட்டை?"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கொழுக்கட்டை. உயர்நிலை ஒன்றின் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லச் சொன்னேன். ஒல்லியாக ஒரு பிள்ளை எழுந்து 'க, க' என்று திக்கிக்கொண்டு நின்றது. வாயில என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அன்று மாலைக்குள் நான் மறந்துவிட்டேன். பிள்ளைகள் மறக்கவில்லை, பள்ளி உணவகத்தில் இன்றைக்கும் அவளுக்கு அதுதான் பேர். என் காதிலும் எத்தனையோ முறை விழுந்திருக்கிறது. எங்கிருந்து வந்த பேர் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. பிடிவாதமாம். யாருக்குப் பிடிவாதம்?

கவி என்று கூப்பிட்டேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே பேச்சு நின்றது. அந்தக் கணமே என் தொண்டை திறந்துகொண்டது.

அவள் கதவைத் திறந்தாள். வெளிப்பக்கத்து இரும்புக் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பிகளுக்குப் பின்னால் நின்று, வகுப்பில் மேசையைப் பார்ப்பதுபோலத் தரையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை, அதன்மேல் மடிக்கணினி. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். இரண்டு கோப்பைகள். ஒன்று அவள் குடித்து வைத்தது. மற்றதன்மேல் சின்னத் தட்டு கவிழ்த்து மூடியிருந்தது, ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் அறையில் என் கோப்பையை நான் அப்படித்தான் மூடி வைப்பேன்.

"உள்ள யாரும்மா?"

அவளைக் கேட்க வந்தது வேறு. பதிவு, வெட்டி ஒட்டியது, பத்து மணி. அதெல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது இது.

"கவி, அன்னிக்கு முதல் நாள் கிளாஸ்ல நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன். கொழுக்கட்டைன்னு. அது தப்பும்மா. என்ன மன்னிச்சிடு."

இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கண்ணீரும் வியர்வையும் ஒன்றாக வழிந்தன. அவள் தலையை நிமிர்த்தி, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அதத்தான் சொல்லிட்டீங்களே டீச்சர். ஜனவரியிலேயே."

கோபமில்லை, குத்தலில்லை. என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"நானா? நான் எப்பம்மா சொன்னேன்?"

"ரொம்ப நேரம் அழுதீங்க. நான்தான் மைலோ போட்டுக் கொடுத்தேன்."

மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் பேசுகிற மரியாதையோடு, "கிளாஸ் இன்னும் முடியல," என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எதுவானாலும் சரி, அதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கைபேசி அடித்தது. பத்துக்கு ஐந்து நிமிடம்.

"என்னாச்சு டீச்சர்? வெட்டி ஒட்டினதுதானே? எழுதிடவா?" என்றார் வெங்கடேஷ்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. உள்ளே பாடம் தொடங்கிவிட்டிருந்தது.

"ஹலோ? டீச்சர்? ஹலோ?"

இணைப்பைத் துண்டித்துவிட்டு, கைபேசியில் செய்தியாகத் தட்டினேன். 'குரல் என்னுடையதுதான். தனியாக நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கவிப்ரியா மேல் தவறில்லை. நடவடிக்கை என்மேல் எடுங்கள்.' அனுப்பிவிட்டுச் சுவரோரம் நின்றேன். போக மனம் வரவில்லை.

சன்னல் வழியாக என் குரல் கேட்டது. இவ்வளவு பரிவாக எனக்குப் பேச வரும் என்று எனக்கே தெரியாது.

"வாசல்ல யாரு கவி, இன்னும் நிக்கிற மாதிரி இருக்கு?"

நாற்காலி நகரும் சத்தம். சன்னல் பக்கம் காலடி வந்தது. கவிப்ரியா எட்டிப் பார்த்தாள். நேராக என்னைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல டீச்சர்," என்று உள்ளே திரும்பிச் சொல்லிவிட்டு, சன்னலைச் சாத்தினாள்.