தறிக்குழியில் மல்லாக்குப் பூச்சி

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும். தனிக்கட்டை நான். தறியோடும் சுவரோடும் பேசிப் பேசி நீண்ட வாய் இது.

ஆரணியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. கோடையில் வெடித்துக் கிடக்கும். மழை விழுந்த ஒரு வாரத்தில், கண்ணாடி மாதிரி சின்னச் சின்ன உயிர்கள் மல்லாந்து நீந்தும், கால்களை மேலே ஆட்டிக்கொண்டு. மல்லாக்குப் பூச்சி என்பேன். குட்டை வற்றினால் செத்துப்போகும்; முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணில் அடுத்த மழைவரை கிடக்கும். அவை இருக்கும் நாளெல்லாம் நான் கரையிலேயே கிடப்பேன். என்னைப் பார்க்க வேறு யார் வருகிறார்கள்?

முதலில் குட்டையில் சாயப்பட்டறைத் தண்ணீரை விட்டார்கள். பிறகு கொசுவுக்கென்று மீன் விட்டார்கள். அது கொசுவையா பார்த்தது, இவற்றைத்தான் தின்றது. 2004 கோடை முடிவில் லாரி லாரியாக மண் கொட்டி மனை போட்டுவிட்டார்கள். போய்ச் சண்டை போட்டேன்.

"பூச்சிக்கா இவ்ளோ பேஜார் பண்றீங்க?" என்று மனைக்காரர் சிரித்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுவருஷம் ஐப்பசியில் பேய்மழை. ஓடு ஒழுகி, கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழி முழங்கால் அளவு நிறைந்துவிட்டது. வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் குழியை எட்டிப் பார்த்தால், அடி அம்மா, மல்லாந்து நீந்துகின்றன! குழிக்குப் பூசக் கோடையில் குட்டை மண்ணை வெட்டி வருவது எங்கள் வழக்கம். குட்டையை மூடுவதற்கு முன் நான் கடைசியாகப் பூசிய மண்ணில் முட்டைகள் இருந்திருக்கின்றன.

தறியில் பாதிச் சேலை நின்றது. நிற்கட்டும். இவை முட்டை விட வேண்டும், தண்ணீர் தானாக வற்ற வேண்டும். உலகத்தில் இவற்றுக்கு வேறு குட்டை உண்டோ இல்லையோ, எனக்குத் தெரிந்து இந்தக் குழிதான்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணமங்கலத்தில் ஒரு சாவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். பக்கத்து வீட்டு தேவிப்ரியா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு நின்றாள்.

"அபிதாக்கா, குழித் தண்ணிய பூரா மொண்டு கால்வாய்ல ஊத்திட்டேன். பாவம், எத்தினி நாளா தறில உக்காராம கஷ்டப்பட்டுகினு கீறீங்க."

கால்வாய்க்கு ஓடினேன். சாயத் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அதில் ஒன்றுமே தெரியவில்லை.

தெருவே பயப்படும் வாய்தான் என்னுடையது. இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருத்தி குனிந்து நிமிர்ந்தது அன்றுதான். அவளை எப்படி வைவேன்?

"காபி குடிச்சிட்டுப் போம்மா," என்றேன்.

அடுத்த கோடையில் குழிக்கு மண் பூசவில்லை. தேவிப்ரியா மொள்ளுவதற்குள் இவை அடிமண்ணில் முட்டை விட்டிருந்தனவோ என்னவோ. ஐப்பசி பிறந்ததும் தறியிலிருந்து பாவு நூலைச் சுருட்டி எடுத்து வைத்தேன். ஏணி போட்டு ஏறி, குழிக்கு நேர் மேலே நான்கு ஓடுகளைக் கழற்றினேன்.

"அய்யோ அக்கா, மழ வர்ற நேரத்துல ஓட்ட ஏன் கழட்டறீங்க?" என்று தேவிப்ரியா கீழேயிருந்து கத்தினாள்.

"விருந்தாளிங்க வந்தாலும் வருவாங்கடி. இந்தத் தபா வாளி இல்லாம வா. ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம்."